"வயசாயிடுச்சு" என்று சொல்வதற்கு முன் ஒரு கேள்வி



மூன்று மாதமாக இந்தப் பக்கத்தில் நான் எதுவும் எழுதவில்லை. "சார், உடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். எனக்கு ஒன்றுமில்லை. திருக்கழுக்குன்றத்தில் இருக்கிற என் அக்காவுக்குத் தலையில் ஆபரேஷன் ஆனது. இப்போது நன்றாக இருக்கிறார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுடா, நாலு பேருக்கு உதவட்டும். ஆனா என் மொட்டைத் தலை போட்டோவை மட்டும் போட்டுடாதே" என்றார். போடவில்லை.

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள். சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். வயதானவர் ஒருவர் சில வாரங்களுக்குள் மாறிப்போனால், நடை தள்ளாடினால், பேச்சு குறைந்தால், "வயசாயிடுச்சு" என்று முடிவு கட்டாதீர்கள். "போன ரெண்டு மூணு மாசத்துல தலையில எங்கேயாவது அடிபட்டுச்சா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். முப்பத்திரண்டு வருடம் அறிவியல் பாடம் நடத்திய நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

அக்காவுக்கு 76 வயது. மாமா போய் ஒன்பது வருடம் ஆகிறது. மகன், மருமகள், பேத்தியோடு இருக்கிறார். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டு, தாழக்கோயிலுக்குப் போய் வந்துதான் காபி. பங்குனி மாதம் நான் போயிருந்தபோது அக்கா கட்டிலில் படுத்திருந்தார். பகல் பதினோரு மணி. "என்னக்கா, இந்நேரத்துல படுத்திருக்கே?" என்றேன். "தலை பாரமா இருக்குடா" என்றார். எழுந்து வந்தபோது இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார். இடது கால் செருப்பு வாசலிலேயே கழன்று நின்றுவிட்டது. அது கழன்றதே தெரியாமல் அக்கா நடந்து போனார். மருமகள் சொன்னாள்: "பத்து நாளா இப்படித்தான் மாமா. கோலத்துல புள்ளி வைக்கிறாங்க, கம்பி இழுக்க மறந்துடறாங்க. கேட்டா கோபம் வருது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "76 ஆவுதும்மா. வயசாயிடுச்சு. பார்த்துப் பக்குவமா வச்சுக்க." சொல்லிவிட்டுச் சாப்பிட்டுவிட்டு, செங்கல்பட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு கிளினிக்கில் காட்டினார்கள். பிரஷர் பார்த்து, தலைசுற்றலுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். பக்கத்து வீட்டார் கழுத்து எலும்புத் தேய்மானம் என்றார்கள். வேறொருவர் மறதி நோயின் ஆரம்பம் என்றார். ஆளுக்கொரு பெயர் வைத்தோம். எந்தப் பெயரும் அக்காவுக்கு உதவவில்லை.

காப்பாற்றியது என் பழைய மாணவி ஒருத்தி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கிறாள். பெண்ணின் காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்க வீட்டுக்கு வந்தாள். பேச்சுவாக்கில் அக்காவைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், "சார், அவங்க எங்கேயாவது விழுந்தாங்களா?" என்றாள். "இல்லையேம்மா." "விழல்லன்னாலும் தலையில இடிச்சுக்கிட்டாங்களா? ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை ஏதாவது சாப்பிடறாங்களா?" மாத்திரை சாப்பிடுகிறார் என்பது எனக்குத் தெரியும். ஐந்து வருடத்துக்கு முன்னால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தது. மற்றது தெரியாது. அங்கேயே போன் போட்டேன். அக்கா, மகன், மருமகள் எல்லாருமே "அப்படி எதுவும் இல்லை" என்றார்கள். பின்னாலிருந்து பேத்தியின் குரல் கேட்டது: "மாசி மகத்தன்னைக்கு ஷேர் ஆட்டோவுல பாட்டிக்கு டங்குனு இடிச்சுதே!"

மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குக் குடும்பமாகப் போயிருக்கிறார்கள். அன்றைக்கு அங்கே எவ்வளவு கூட்டம் என்று உங்களுக்குத் தெரியும். இருளர் மக்கள் எங்கெங்கிருந்தோ வந்து மணலில் குடில் போட்டுத் தங்கியிருப்பார்கள். கடலாடிவிட்டுத் திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் அவசரமாக ஏறியதில் மேல் கம்பியில் தலை இடித்திருக்கிறது. ரத்தம் வரவில்லை, வீங்கவும் இல்லை. கொஞ்ச நேரம் தேய்த்துவிட்டுக்கொண்டார், அவ்வளவுதான். பேத்தி போனில் சொன்ன அன்றைக்கு அது நடந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது.

"சார், நாளைக்கு வரைக்கும் வைக்காதீங்க. இன்னைக்கே ஸ்கேன் எடுத்துடுங்க" என்றாள் அந்த மாணவி. அன்று மாலையே செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுவந்தோம். சி.டி. ஸ்கேன் எடுக்கச் சில நிமிடம்தான் ஆனது. டாக்டர் படத்தைக் காட்டினார். மண்டையோட்டின் வலப்பக்க உட்புறத்தை ஒட்டிப் பிறைநிலா மாதிரி ஒரு பட்டை. மூளையின் நடுக்கோடு இடப்பக்கமாகத் தள்ளப்பட்டிருந்தது. வலது மூளை அழுத்தப்பட்டதால் இடது கால் இழுத்திருக்கிறது. சப்டியூரல் ரத்தக்கட்டு.

என் மாணவர்களே, அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வெட்கத்தைச் சொல்லி மாளாது. மூளையைச் சுற்றி மூன்று உறைகள். வெளியே டியூரா மேட்டர், நடுவே அரக்னாய்டு, உள்ளே பயா மேட்டர். வருடா வருடம் கலர் சாக்பீஸில் படம் போட்டு, பாகங்களைக் குறிக்கச் சொல்லி உங்களை நிற்க வைத்தவன் நான். அந்த உறைகளுக்கு நடுவில் ரத்தம் கசிந்தால் என்ன ஆகும் என்று ஒரு நாளும் சொல்லிக் கொடுக்கவில்லை. விட்டுப்போன அந்தப் பாடத்தை இன்று நடத்திவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. அக்காவுக்குப் பார்த்த டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

மூளையின் மேற்பரப்பிலிருந்து டியூரா உறைக்குச் சின்னச் சின்ன சிரைகள் பாலம் போலப் போகின்றன. வயதாக ஆக மூளை கொஞ்சம் சுருங்கும். மண்டையோடு சுருங்காது. அதனால் இடைவெளி கூடி, அந்தச் சிரைகள் இழுத்துக் கட்டிய நூல் மாதிரி விறைத்து நிற்கும். இளவயதில் ஒன்றும் செய்யாத ஒரு சின்ன இடி, 70 வயதுக்கு மேல் அந்த நூலை அறுத்துவிடும். சிரை ரத்தம் பீய்ச்சி அடிக்காது, கசியும். மூளை சுருங்கியிருப்பதால் உள்ளே இடமும் இருக்கும். ஆகவே முதல் சில நாள், சில வாரம் ஒன்றுமே தெரியாது. ஆனால் தேங்கிய ரத்தத்தைச் சுற்றி ஒரு சவ்வு வளர்கிறது. அதில் புதிதாக முளைக்கும் ரத்தக் குழாய்கள் பலவீனமானவை. அவை திரும்பத் திரும்பக் கசிகின்றன. கட்டு மெல்லப் பெருத்து, இடமெல்லாம் தீர்ந்ததும் மூளையை அழுத்தத் தொடங்கும். அதற்குள் இடி விழுந்த நாளை எல்லாரும் மறந்திருப்போம். மூன்று வாரத்துக்கு மேற்பட்ட இந்த வகைக்கு நாள்பட்ட சப்டியூரல் என்று பெயர். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், நீண்ட காலம் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் ஆபத்து கூடுதல்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. 2024 மார்ச்சில் ஈஷாவின் சத்குரு ஜக்கி வாசுதேவுக்கு டெல்லி அப்போலோ மருத்துவமனையில் அவசர மூளை அறுவை சிகிச்சை நடந்தது நினைவிருக்கும். நான்கு வாரமாகக் கடும் தலைவலி. அதோடு மகாசிவராத்திரி நிகழ்ச்சியையும் நடத்தினார். மார்ச் 15-ஆம் தேதி ஸ்கேனில் பெரிய ரத்தக்கசிவு தெரிந்தது. 17-ஆம் தேதி இடது கால் பலவீனமாகி, மயக்கமும் வரவே ஆபரேஷன் செய்தார்கள். அதே வருடம் பிரேசில் அதிபர் லூலா அக்டோபர் 19 அன்று குளியலறையில் விழுந்து பின்தலையில் அடிபட்டார். தையல் போட்டார்கள், வேலைக்குத் திரும்பினார். ஏழு வாரம் கழித்து டிசம்பரில் தலைவலி வந்து பரிசோதித்தால் மூளையைச் சுற்றி ரத்தம். 10-ஆம் தேதி விடியற்காலை ஆபரேஷன். ஒரு நாட்டின் அதிபருக்கே ஏழு வாரம் கழித்துத்தான் அது தலைகாட்டியது. என் அக்காவுக்கு ஐந்து வாரம்.

வேறு இரண்டு வகைகளையும் சொல்லிவிடுகிறேன். டியூராவுக்கு வெளியே தமனி கிழிந்து ரத்தம் கட்டுவது ஒன்று. இது மணிக்கணக்கில் ஆளைக் கொல்லும். அடிபட்டவர் முதலில் தெளிவாகப் பேசுவார், "எனக்கு ஒண்ணுமில்லை" என்பார். ஆங்கில நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் 2009 மார்ச்சில் கனடாவில் பனிச்சறுக்கில் விழுந்து, சிரித்துப் பேசி, டாக்டர் வேண்டாம் என்று அறைக்குப் போனார். இரண்டு நாளில் இறந்தார். மற்றொன்று அடியே படாமல், மூளையின் ரத்தக் குழாயில் உள்ள வீக்கம் வெடிப்பது. இடி இறங்கியது போல ஒரு நொடியில் உச்சத்துக்குப் போகும் தலைவலி. வாழ்நாளில் இப்படி வலித்ததில்லை என்பார்கள். இந்த இரண்டுக்கும் உடனே 108.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன்.

நம் மாவட்டத்துக்குத் தலைக்காயம் என்றால் என்னவென்று தெரியும். 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றம் டாக்டர் தம்பதி அசோகன், புஷ்பாஞ்சலியின் மகன் ஹிதேந்திரன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, அந்தப் பெற்றோர் மகனின் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். நாடே நம் ஊரைத் திரும்பிப் பார்த்தது. சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கும் "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்டதும் நம் மாவட்டத்து மேல்மருவத்தூரில்தான். நல்ல திட்டம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக் ஓட்டுகிற பிள்ளைகளிடம் ஹெல்மெட் பற்றி நாம் ஓயாமல் பேசுகிறோம். பேச வேண்டியதுதான்.

ஆனால் பாத்ரூமில் வழுக்கிய பாட்டிக்கும், நிலைப்படியில் இடித்துக்கொண்ட தாத்தாவுக்கும் விளம்பரப் பலகை கிடையாது. ரத்தம் கொட்டினால் ஓடுகிறோம். கொட்டாவிட்டால் தேங்காய் எண்ணெய் தேய்க்கிறோம். காயத்தின் அளவை வைத்து ஆபத்தை அளக்கிறோம். வயதானவர் விஷயத்தில் அது தவறான அளவுகோல்.

இன்னொன்று. பெரியவர்கள் விழுந்ததைச் சொல்வதில்லை. ஏன் சொல்வதில்லை? ஆஸ்பத்திரியில் அக்காவிடம் தனியாகக் கேட்டேன், "தலையில இடிச்சதை ஏன்க்கா அன்னைக்கே சொல்லல?" என்று. "சொன்னா அடுத்த வருஷம் கடலுக்குக் கூட்டிட்டுப் போவ மாட்டான்டா" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. விழுந்தால் நாம் திட்டுகிறோம். "யார் உன்னை அங்கெல்லாம் போகச் சொன்னா?" என்கிறோம். கோயிலுக்குப் போவதை நிறுத்துகிறோம், மாடிப்படியைத் தடுக்கிறோம். அதனால் அவர்கள் மறைக்கிறார்கள். விழுவது குற்றமில்லை என்று அவர்களுக்குத் தெரிந்தால்தான் உண்மை வெளியே வரும். கேள்வி கேட்பதோடு, கேட்கிற குரலும் முக்கியம்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். 2021 ஆகஸ்டிலிருந்து "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் ஊழியர்கள் வீடு தேடி வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை தருகிறார்கள். அக்கா தெருவுக்கும் வருகிறார்கள். அவர்கள் நோட்டில் ஒரே ஒரு வரி சேர்க்கட்டும்: "போன தடவை நாங்க வந்ததுக்கு அப்புறம் விழுந்தீங்களா, தலையில இடிச்சுக்கிட்டீங்களா?" ஆம் என்றால், நடையிலோ பேச்சிலோ மாற்றம் இருந்தால், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பட்டும். இதற்கு மருந்து வேண்டாம், மெஷின் வேண்டாம். என் மாணவி செய்ததும் இதைத்தான்.

"சார், எல்லாத்துக்கும் ஸ்கேன் எடுத்துக் காசு பறிக்கிறாங்க, நீங்களும் அதையே சொல்றீங்களே" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தலையில் இடித்த எல்லாருக்கும் ஸ்கேன் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஓடி விளையாடுகிற பையன் தலையில் புடைத்தால் டாக்டர் பரிசோதித்து, வீட்டில் கவனிக்கச் சொல்லிப் பெரும்பாலும் அனுப்பிவிடுவார். ஆனால் 65 வயது தாண்டியவர், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர், அடிபட்டபின் வாந்தி, மயக்கம், குழப்பம், கை கால் பலவீனம், கூடிக்கொண்டே போகும் தலைவலி உள்ளவர், இவர்கள் விஷயத்தில் டாக்டரிடம் "ஸ்கேன் வேணுமா சார்?" என்று நாமே கேட்பதில் தவறில்லை. அடிபட்ட தேதியையும் சொல்லுங்கள். புது ரத்தம் சி.டி.யில் வெள்ளையாகத் தெரியும். இரண்டு மூன்று வாரத்தில் மூளையின் சாம்பல் நிறத்துக்கே வந்துவிடும். பிறகு கறுக்கும். தேதி தெரிந்தால் படம் பார்ப்பவருக்கு உதவியாக இருக்கும்.

ஆபரேஷன் என்றதும் வீட்டில் பெரிய அழுகை. "மண்டையைப் பொளந்தா பொழைப்பாங்களா? இந்த வயசுல இது தேவையா?" என்று சொந்தக்காரர்கள் போனில் கேட்டார்கள். உண்மையில் நடந்தது இது. மண்டையோட்டில் நாணயம் அளவு இரண்டு துளை. டியூராவைத் திறந்ததும் பழைய இன்ஜின் ஆயில் மாதிரி கறுப்புத் திரவம் வெளியே வந்ததாம். உப்புக் கரைசலால் கழுவி, மெல்லிய குழாய் ஒன்றை வைத்துத் தைத்துவிட்டார்கள். அந்தக் குழாய் இரண்டு நாள் இருந்தது. அது ஏன் என்று கேட்டுப் படித்தேன். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் செய்து 2009-ல் வெளியான ஆய்வில், குழாய் வைத்தவர்களில் 100-க்கு 9 பேருக்குத்தான் மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டது. வைக்காதவர்களில் 24 பேருக்குத் தேவைப்பட்டது. அதனால் குழாய் உறுத்துகிறது என்று பிடுங்கப் பார்க்கிற நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார ஒரு ஆள் வேண்டும். இரண்டு ராத்திரி அந்த ஆள் நான்.

1950-ல் டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னை பொது மருத்துவமனையில் மூளை நரம்பு அறுவை சிகிச்சையைத் தொடங்கியபோது சி.டி. ஸ்கேன் கிடையாது. முதல் நோயாளிக்கு லண்டனில் சி.டி. எடுத்ததே 1971 அக்டோபரில்தான். அதற்கு முன் கழுத்துத் தமனியில் மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்து, குழாய்கள் எந்தப் பக்கம் தள்ளப்பட்டிருக்கின்றன என்று பார்த்து ஊகித்துத்தான் துளை போட்டார்கள். அப்படிப்பட்ட காலத்திலேயே ஆட்களைக் காப்பாற்றியவர்கள் டாக்டர்கள். இன்று செங்கல்பட்டிலேயே படம் எடுக்க முடிகிற காலத்தில் நாம் வீட்டில் வைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம் என்பதுதான் என் வருத்தம்.

மூன்றாம் நாள் அக்கா நடந்தார். இடது கால் இழுக்கவில்லை. எல்லாருக்கும் இப்படி ஆகும் என்று நான் சொல்ல மாட்டேன். சிலருக்கு மறுபடி ரத்தம் கட்டும், சிலருக்கு உடல் தாங்காது. தாமதம் எவ்வளவோ அவ்வளவு நஷ்டம். அக்காவுக்கும் ஒரு நஷ்டம் இருக்கிறது. பங்குனி மாதம் முழுக்க அவர் நினைவில் இல்லை. நான் வந்ததும், "வயசாயிடுச்சு" என்று சொன்னதும் அவருக்கு ஞாபகமில்லை. எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. வீட்டில் பெரியவர் தலையில் அடிபட்டால், சின்னதானாலும், காலண்டரில் அந்தத் தேதியில் குறித்து வையுங்கள். மூன்று மாதம் கவனியுங்கள்.

2. நடை, பேச்சு, தூக்கம், கோபம், மறதி இவற்றில் சில வாரங்களில் மாற்றம் வந்தால் வயதின் மேல் பழி போடாதீர்கள். மறதி நோய் பொதுவாக மெதுவாகத்தான் வரும். திடுதிப்பென்று வந்தால் காரணம் தேடுங்கள்.

3. அவர் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அக்காவுக்கு அதை எப்போது நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்பதை இதய டாக்டரையும் கேட்டுத்தான் முடிவு செய்தார்கள்.

4. பாத்ரூமில் கைப்பிடி ஒன்று மாட்டுங்கள். ராத்திரி ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

5. விழுந்ததாகச் சொன்னால் திட்டாதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வாரா வாரம் வீடியோ காலில் அம்மா அப்பாவைப் பார்க்கிறீர்கள். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்கிறீர்கள். அதோடு, "கொஞ்சம் எழுந்து நடந்து காட்டும்மா" என்றும் சொல்லுங்கள். தினமும் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாத மாற்றம் வாரம் ஒரு தடவை பார்க்கிற உங்களுக்குத் தெரியும்.

காதுகுத்துப் பத்திரிகையோடு வந்த அந்த மாணவி இந்தப் பதிவைப் படிப்பாள். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பத்தாம் வகுப்பில் மூளைப் படத்துக்கு அவளுக்கு நான் ஐந்துக்கு மூன்று மதிப்பெண்தான் போட்டேன் என்று நினைவு. தப்பாகத் திருத்திவிட்டேனம்மா.

அக்கா அடுத்த மாசி மகத்துக்கு இப்போதே நாள் பார்த்து வைத்திருக்கிறார். கூட்டிக்கொண்டு போகப் போவது நான்தான். ஷேர் ஆட்டோ வேண்டாம், கார் வைத்துக்கொள்ளலாம் என்றேன். "கார்ல ஏறும்போது மட்டும் இடிக்காதாடா?" என்கிறார்.

இன்று ராத்திரியே வீட்டுப் பெரியவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்
செங்கல்பட்டு